வியோரிக்காவின் பிழைகள்

கதவு சாத்தியிருந்தது. உள்ளே இத்தாலிய வினைச்சொல் பாடம். மொழித் தேர்வுக்குப் படிக்கிறாளாம், எங்கள் வீட்டோடு தங்கி வேலை செய்யும் மால்டோவாக்காரி வியோரிக்கா.

"நாம் சந்தித்துக்கொண்டேன்."

"கொண்டோம்!" என்றார் என் கணவர் ஃபுல்வியோ.

இறந்தகாலத்தை முடித்து எதிர்காலத்துக்குப் போனார்கள்.

"நான் அலங்கரித்துக்கொள்வாய்."

"கொள்வேன்!"

அடுப்படியில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை பேசாத மனுஷன், அவளிடம் மட்டும் வாயைத் திறக்கிறார்.

மறுநாள் எங்கள் ஊர் கியோஜ்ஜாவின் மீன் சந்தையில் அவளைப் பார்த்தேன். "நான் மட்டும் முகர்ந்து பார்க்கலைன்னா, இந்த நாறல் மத்தியை என் தலையில கட்டியிருப்பே, இல்ல?" என்று கடைக்காரனை வாங்கு வாங்கென்று வாங்கினாள். ஒரு வினைகூடப் பிசகவில்லை!

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏண்டி, சந்தையில வராத தப்பு அவர் பக்கத்துல உட்கார்ந்தா மட்டும் எப்படி வருது?"

அவள் தலை குனிந்தாள். "வேணும்னுதாம்மா. பக்கவாதம் வந்ததுலேருந்து ஐயாவுக்குப் பேச்சு இல்லையே. ஒருநாள் நான் தப்பாப் படிச்சேன். வாத்தியாரா இருந்தவராச்சே, பொறுக்க முடியாம வார்த்தை வந்துடுச்சு. தப்பைக் கேட்டாத்தான் வருது. தேர்வு நான் போன வருஷமே பாஸ்."

உள்ளே போனேன். சக்கர நாற்காலியிலிருந்து என்னை வெறுமனே பார்த்தார்.

"ஃபுல்வியோ," என்றேன். "நாம் கல்யாணம் செய்துகொண்டேன்."

அவர் முகம் கோபத்தில் சிவந்தது.

"கொண்டோம்! செய்துகொண்டோம்!"