சல்மா உம்மாவின் வாய்

"நாளைக்கு மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போறன். முழங்கால் வருத்தம். துணைக்கு வா புள்ள," என்றாள் பக்கத்து வீட்டுச் சல்மா உம்மா.

ஜெனூபாவுக்குப் பகீரென்றது. சாய்ந்தமருதில் அந்த ஒழுங்கையில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் சல்மா உம்மாவின் வாய்க்குத் தப்பாது. காலையில் ஒருவர் தும்மினால், பகலுக்குள் அவரை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிடுவாள். இவளோடு எப்படி அங்கே போவது?

போகாமல் இருக்கவும் முடியாது. இறந்துபோன கணவன் விட்டுப்போன எச்.ஐ.வி. ஜெனூபாவின் உடம்பில் இருந்தது. போன முறை அதே ஆஸ்பத்திரிக் கிளினிக் வாசலில் ஊர் முகம் ஒன்றைக் கண்டு, மருந்து எடுக்காமலே திரும்பி ஓடி வந்தவள் அவள். இனி வீட்டில் ஒரு மாத்திரைகூட இல்லை. அவளும் படுத்துவிட்டால், கூடப்பிறந்த ராத்தா இறந்தபின் தான் வளர்க்கும் அவளது பிள்ளைகள் இரண்டையும் யார் பார்ப்பது?

"சரி மாமி, வாறன்."

பஸ்ஸில் ஏறியதிலிருந்து சல்மா உம்மா ஓயவில்லை. யாருடைய மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், யார் வீட்டுச் சம்பந்தம் முறிந்தது, எல்லாம் வந்தது. ஜெனூபா 'உம்' கொட்டிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில், "நீங்க டொக்டரப் பாருங்க மாமி, நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்," என்று நழுவினாள். பின்பக்கத்துக் கிளினிக் வாங்கில் போய் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் பக்கத்தில் யாரோ தொப்பென்று உட்கார்ந்தார்கள். சல்மா உம்மா.

"மாமி... இங்க..."

"கால் உளையிது புள்ள. கொஞ்சம் இரிக்கன்."

போதாக்குறைக்கு, தோல் டொக்டரிடம் வந்த றினோஸாவும் அந்த வழியால் வந்தாள். அதே ஒழுங்கைக்காரி. கதவிலிருந்த போர்டை வாசித்தாள். பிறகு இவர்களைப் பார்த்தாள்.

"என்ன மாமி, இந்தக் கிளினிக்கில? ஆருக்கு?"

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். அங்கே பெயர் சொல்வதில்லை, நம்பர்தான். அது ஜெனூபாவின் நம்பர்.

எழும்பினால் ஊரே பிள்ளைகளையும் சேர்த்து ஒதுக்கிவிடும். எழும்பாவிட்டால் மருந்து இல்லை.

நர்ஸ் மறுபடியும் கூப்பிட்டாள்.

சல்மா உம்மா எழும்பினாள்.

"எனக்குத்தான் றினோஸா. இந்தப் புள்ள பாவம், துணைக்கு வந்தவ. ஊருல ஆரும் கேட்டா எனக்கெண்டே சொல்லு."

ஜெனூபாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். கதவு சாத்தியதும் ஜெனூபா அழுதுவிட்டாள்.

"மாமி, ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"உன்ட மாப்புள மௌத்தான நாளையிலேயே தெரியும்."

"இனி ஊர் ஒங்கள ஒதுக்கிருமே மாமி."

"ஒதுக்கட்டும் புள்ள. எனக்கு வளக்கிறதுக்குப் புள்ளயா இரிக்கி?"