ஒரு நம்பர் எழுத பத்து நிமிஷமா?

மகள் நோட்டில் பொய் எழுதுகிறாள் என்று பிந்துவுக்கு நிச்சயம். கையும் களவுமாகப் பிடிக்கத்தான், அனகாவின் சுகர் பார்க்கும் மெஷினை அவளுக்குத் தெரியாமல் கைப்பையில் போட்டுக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு பாறசாலையில் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள்.

அனகாவுக்குப் பதினைந்து வயசு. நாலு வருஷமாக இன்சுலின் ஊசி.

அந்த நோட்டு ஆஸ்பத்திரி கவுன்சிலர் லிஷா கொடுத்தது. இடது பக்கம் அன்றைய சுகர். வலது பக்கம், வீட்டில் அன்று பாராட்டிச் சொன்ன ஒரு வார்த்தை. மனசு தெம்பாக இருந்தால் பிள்ளைகள் ஊசியைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்பது லிஷாவின் கட்சி. பெற்றோர் நோட்டைத் திறக்கக் கூடாது. மாதம் ஒருமுறை எல்லா அம்மாக்களையும் உட்காரவைத்து அவளே வாசிப்பாள்.

பிந்துவுக்கு இதெல்லாம் சுத்தமாகப் பிடிக்கவில்லை. சுகர் முந்நூறில் நிற்கும்போது என்ன பாராட்டு வேண்டிக் கிடக்கிறது?

ஆனால் அந்த நோட்டைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும். ஓணப் பரீட்சையன்று பிள்ளை ஸ்கூலில் மயங்கி விழுந்தது பிந்துவுக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. நம்பர் பொய்யென்றால் ஊசியும் தப்பாகிவிடும்.

அன்றைக்குக் கூட்டம் தொடங்கியதுமே அவள் எழுந்துவிட்டாள். பத்துப் பதினைந்து அம்மாக்கள் பார்த்துக்கொண்டிருக்க, மெஷினை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இவ கள்ளம் எழுதுகா மேடம். தினமும் பேனாவக் கடிச்சிட்டு இருப்பா. எழுதுவா, அடிப்பா, திரும்பவும் எழுதுவா. ஒரு நம்பர் எழுத பத்து நிமிஷமா?"

அனகா தலையைக் குனிந்துகொண்டாள்.

லிஷா மெஷினில் தேதி தேதியாகப் பின்னால் போய் நோட்டோடு ஒத்துப் பார்த்தாள். 286. 174. 312. 340. ஒன்றுகூட மாறவில்லை.

"நம்பர் எல்லாம் சரியாக்கும் சேச்சி. இத்தன கூடுதல் இருந்தும் ஒண்ணையும் மறைக்கல்ல. அதுக்குக் காரணம் யாருன்னு வலது பக்கத்துல உண்டு."

சொல்லிவிட்டுச் சத்தமாகவே வாசித்தாள்.

"'நான் வச்ச மோர்க்கறிய அம்மா ரெண்டாவதும் வாங்கி ஊத்தினா. எனக்க கைப்பக்குவம் உனக்கு வந்தாச்சுன்னு சொன்னா.' 'இன்னிக்கு 312. மறைக்காமக் காட்டினேன். நீ தைரியசாலியாக்கும்னு அம்மா தலையத் தடவினா.'"

312 வந்த அன்று விடிந்ததிலிருந்து படுக்கப் போகும்வரை மகளிடம் பேசாமலிருந்தது பிந்துவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மோர்க்கறியில் உப்பு கூடிவிட்டது என்று கத்தியதும்.

இப்படி ஒரு அம்மா வேண்டும் என்று சொல்லி லிஷா எல்லோரையும் கைதட்டச் சொன்னாள். பிந்து அந்தக் கைதட்டலைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். வேறென்ன செய்வாள்?

பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் பிந்து கேட்டாள்.

"நான் ஒருநாளாவது அப்படிச் சொல்லியிருக்கேனா மக்கா? பின்ன ஏன் எழுதின?"

அனகா பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"போன மாசக் கூட்டத்துல சஜனுக்க நோட்டுல வலது பக்கம் காலியா இருந்துதுல்லா. எல்லாரும் அவனுக்க அம்மையத் திரும்பிப் பாத்தாவ. எனக்க அம்மைய யாரும் அப்படிப் பாக்கப்பிடாது."