கைராசி

செலியமேட்டில் காலை வெயில் கூரை விளிம்பிலிருந்து இறங்கி வாசலில் கவிழ்த்த மூங்கில் கூடையின் மேல் விழுகிறது. கூடைக்குப் பக்கத்தில் ஜெயசித்ராவின் சிவப்புப் பெட்டைக்கோழி நிற்கப் பார்க்கிறது. கழுத்து முதுகுப் பக்கமாகத் திருகிக்கொள்ள, வானத்தைப் பார்த்தபடியே ஒரு சுற்றுச் சுற்றிச் சாய்கிறது. மண்ணில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். சின்ன வெங்காயம், சீரகம், கீழாநெல்லி அரைத்து உருட்டிய உருண்டை அவள் உள்ளங்கையில் ஈரம் காயாமல் இருக்கிறது. போன வருடம் இதே கழிச்சல் வந்தபோது இந்த உருண்டையைத் தின்றுதான் தெருக்கோழிகள் அத்தனையும் பிழைத்தன. கைராசிக்காரி என்றது தெரு. அதில் உச்சி குளிர்ந்துபோய்த்தான், தை மாதம் தடுப்பூசி போட வந்தவர்களை, “எங்க தெருவுக்கு வேணாம் சார்” என்று இவளே திருப்பி அனுப்பினாள்.

கால்நடை மருத்துவர் கையுறையைக் கழற்றுகிறார். “நோய் ஒண்ணுதாம்மா. ஆனா அந்தக் கிருமியில சாதுவும் இருக்கு, கொலைகாரனும் இருக்கு. போன வருசம் வந்தது சாது. நீ ஒண்ணுமே குடுக்காம வுட்டிருந்தாலும் பொழைச்சிருக்கும்.”

படல் கிறீச்சிடுகிறது. பக்கத்து வீட்டு தாஜ் நிஷா முந்தானைக்குள் சேவலை அணைத்தபடி வருகிறாள். வெளியே தொங்கும் அதன் கொண்டை நீலம் பாரித்திருக்கிறது.

“அக்கா, உங்கையால ஒரு உருண்டை குடுக்கா. நான் குடுத்தா கேக்க மாட்டேங்குது.”

ஜெயசித்ரா மருத்துவரைப் பார்க்கிறாள். அவர் குனிந்து பையின் ஜிப்பை இழுக்கிறார். அவள் எப்போதும்போல, வலிக்காமல் அலகைப் பிரித்து, உருண்டையை உள்ளே வைக்கிறாள்.