வைத்திலிங்கத்தின் வயல் போன இடம்

கொள்ளிடம் பெருகினால் எங்கள் ஊர் வயல்களெல்லாம் மிதக்கும். கரையோரத்துத் தூண்களில் கட்டிவைப்போம். போன வருஷம் எதிர்வீட்டு வைத்திலிங்கம் மாட்டுக்குப் போடுகிற முடிச்சையே வயலுக்கும் போட்டார். விடிந்தால் வயலைக் காணோம், முற்றிய குறுவையோடு!

தேடிப் போனால் அது கீழூரில், அவர் தங்கை செண்பகத்தின் வாசலில் ஒதுங்கியிருக்கிறது. மகள் காதுகுத்துக்குத் தாய்மாமனை நேரில் வந்து அழைக்கவில்லை என்று அவளோடு பேச்சை விட்டவர் இவர். அவளோ ஆள் வைத்து அறுத்துக்கொண்டிருந்தாள்.

"என் நெல்லுல எதுக்கு கை வைக்கிறே?"

"அடுத்த வெள்ளம் வர்றதுக்குள்ள அறுக்க வேணாமாண்ணே? வயலை மட்டும் அனுப்பி வெச்சிருக்கியே, நீ வர மாட்டியா? கையைக் கழுவிட்டு வா, சோறு ஆறுது."

மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டாராம்.

இந்த வருஷம் அவர் வயலைக் கட்டியதை வேலியோரம் நின்று பார்த்தேன். தட்டான் உட்கார்ந்தாலே அந்த முடிச்சு அவிழ்ந்துவிடும்.