பாறைத்துறை வழியாக வந்த மிஷின்

"ஒன்றரை மைலு! காலையில ஸ்டேஷன்ல ஏத்தின சரக்கு, பொழுது எறங்கறப்பவா வந்து சேரும்?"

ஆபித் பாஷா போட்ட சத்தத்தில் அவருடைய தோல் பதனிடும் ஷாப்பே வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தது.

அவர் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. வண்டியில் இருந்தது கான்பூரில் மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் பழைய ரோலிங் மிஷின். செருப்புக்கு அடித்தோலை அழுத்திக் கெட்டியாக்குகிற ஒன்றரை டன் இரும்பு. கண்ணால் பார்க்காமல், ஒரு போட்டோவையும் நாலு கடிதத்தையும் நம்பி வாங்கியது. மூன்று வாரம் கூட்ஸ் ரயிலில் குலுங்கி ஆம்பூர் வந்திருக்கிறது. உருப்படியாக இருக்கிறதா, உடைந்துபோய் வந்திருக்கிறதா என்று தெரியாமல் மனுஷன் பகலெல்லாம் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்திருந்தார்.

வண்டிக்கார வேலாயுதம் மாடுகளின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றான்.

"பாலாறு காஞ்சு கெடக்குது. குறுக்கால எறங்கி ஏறினா ஒரு மணி நேரம். நீ இன்னாத்துக்குப்பா பாறைத்துறை வரைக்கும் போய், அங்க ஆத்தத் தாண்டி சுத்திக்கினு வந்தே? கூலி ஜாஸ்தி கேக்கவா?"

"பேசின கூலிதான் சாயபு. மணல்ல மாடு தாங்காது."

"ஆலங்காயத்து மலையில இருந்து மரம் இழுக்கிற மாடு, மணல்ல தாங்காதா? யார்கிட்ட கதை விடறே? அடுத்த வாரம் பாய்லர் வருது. அதுக்கு வேற வண்டி பாத்துக்கறேன், போ."

வேலாயுதத்துக்கு முகம் செத்துவிட்டது. அந்தப் பாய்லரை நம்பித்தான் அவன் மர வேலையை விட்டுவிட்டு வந்திருந்தான்.

அப்போது பாஷா வீட்டில் வேலை செய்யும் பூவம்மாள் தூக்கில் டீ கொண்டுவந்து ஊற்றிக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்ததும் பாஷாவுக்குப் பாதிக் கோபம் இறங்கியது. தன் வீட்டு டீயின் ருசி ஊரில் எந்த டீக்கும் கிடையாது என்பது அவர் கட்சி.

"நீ நல்லா இருக்கணும்ணே," என்றாள் பூவம்மாள், வேலாயுதத்தைப் பார்த்து. "வண்டி ஆத்துல எறங்கிடப் போவுதுன்னு பயந்து பொம்பளைங்க எல்லாம் கரையில வந்து நின்னுக்கினு இருந்தோம்."

"எறங்கினா இன்னா?" என்றார் பாஷா.

"வண்டித்தடம் நெடுக மணல்ல ஊத்து தோண்டி வெச்சிருக்கோம் சாயபு, குடிதண்ணிக்கு. இம்மாம் பாரம் போனா அத்தினியும் சரிஞ்சு மூடிக்கும்."

பாஷா வேலாயுதத்தின் பக்கம் திரும்பினார். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா கேடு?"

"'நாலு மண்ணுக் குழிக்காடா என் மிஷினை நிறுத்தறே?'ன்னு கேப்பீங்க சாயபு."

கேட்டிருப்பார்தான்.

பாஷா தார்ப்பாயை விலக்கி, மிஷினின் பித்தளை உருளையைத் தடவிப் பார்த்தார். பளபளவென்று இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. மனசு குளிர்ந்துபோயிற்று.

"சரி, போனா போவுது," என்றார் தாராளமாக. "ஏழை ஜனங்க குடிக்கிற தண்ணி. அவங்களுக்காக ஒன்ன மன்னிச்சுட்டேன். பாய்லரையும் நீயே சுத்து வழியில கொண்டா."

பூவம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மிச்ச டீயையும் அவர் டம்ளரில் ஊற்றினாள்.

"ஏழை ஜனங்க மட்டுமா சாயபு? ஷாப்புக் கழிவுத் தண்ணி எறங்கி ஒங்க ஊட்டுக் கெணறு கெட்டு ரெண்டு வருசம் ஆவுது. இந்த டீயே அந்த ஊத்துத் தண்ணிதான்!"