அறைக்குள் செலவான ஆக்சிஜன்

ஐம்பத்தொன்பது மணி நேரமாக டகோகோ அழுத்த அறைக்குள் தனியாக இருக்கிறார். போனி துறைமுகத்துக்கு அப்பால் கடலடியில் கவிழ்ந்து கிடந்த படகிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டது சமையல்காரரான அவர் மட்டும்தான். அதே படகிலிருந்த அவருடைய தம்பியின் உடல்கூடக் கிடைக்கவில்லை. ஆழத்தின் அழுத்தத்துக்குப் பழகிய உடல் தாங்கும்படி அறையின் அழுத்தத்தை மெல்லக் குறைத்து, இன்னும் ஒரு மணி நேரத்தில் கதவைத் திறக்க வேண்டும்.

வெளியே நான் கவனித்த அளவுமானியில், ஒருவருக்குத் தேவையானதைப் போல இருமடங்கு ஆக்சிஜன் செலவாகியிருந்தது. எங்காவது கசிந்தால் அவர் உயிருக்கு ஆபத்து. மூன்று முறை சோதித்தேன். கசிவு இல்லை.

"சமையல்காரன்ல, மூச்சையும் ரெண்டு தட்டு சாப்பிடுறான்," என்று மேலாளர் டோன்யே சிரித்தார். "நீ பயப்படாத, விஞ்ஞானியம்மா."

ஒலிவாங்கியை அழுத்தினேன். "அண்ணே, மூச்சு சரியா இருக்கா?"

கண்ணாடிக்கு அப்பால் டகோகோ எதிரிலிருந்த காலிப் படுக்கையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கதவை மட்டும் திறந்துடாத தங்கச்சி. தம்பி இன்னும் மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்கான்."