ஆணியில் ஒரு ரொட்டி

பயணம் புறப்படுபவர் ரொட்டியில் ஒரு வாய் கடித்துச் சுவரில் மாட்டிவிட்டுச் செல்வதும், திரும்பியபின் மீதியை உண்பதும் பஞ்சகெந்த் ஊர் வழக்கம். சவ்ரியின் வீட்டுச் சுவரில் அப்படியொரு ரொட்டி காய்ந்து தொங்கியது.

"அக்கா, அதைக் கழட்டிக் குருவிக்குப் போடு," என்றாள் அண்டை வீட்டு ஒய்நிசா. "மாஸ்கோவுல இருந்து உன் பிள்ளை பெட்டியிலதானே வந்தான்? மண்ணுக்குள்ள வச்சு வருஷம் ஒண்ணாச்சு. இனி யாரு வந்து திங்கப் போறா?"

சவ்ரி முக்காலியில் ஏறி ரொட்டியைக் கழற்றினாள்.

"அப்பாடா! இப்பவாவது புத்தி வந்துச்சே."

சவ்ரி அதைத் துணியில் சுற்றிக்கொண்டு, சால்வையைப் போர்த்தினாள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"குஜந்துக்கு. பஸ் போயிடும், வழி விடு."

"அங்கே யாரு இருக்கா?"

"தொலிப் கடிச்ச ரொட்டியை, அவன் பெட்டி வந்த அன்னைக்கே குருவிக்குப் போட்டுட்டேன். இது முனீரா கடிச்சது."

"உன் மருமகளா? 'என் பிள்ளையை முழுங்கினவளே'ன்னு தலைமயிரைப் பிடிச்சு வெளியே தள்ளினியே!"

"தள்ளினேன்." சவ்ரி துணிச்சுற்றை மார்போடு அணைத்துக்கொண்டாள். "கதவைச் சாத்தப் போனேன். அழுதுகிட்டே உள்ள வந்தா. தானே ஒரு ரொட்டியை எடுத்துக் கடிச்சு, ஆணியில மாட்டிட்டுப் போனா, ஒய்நிசா."